பழைய காருக்கு எந்த எஞ்சின் ஆயில்: மினரலா, சிந்தடிக்கா?

சிங்கப்பூரில் காக்கி புக்கிட், உபி, சின் மிங் என்று எந்த வட்டாரத்துப் பட்டறைக்குப் போனாலும், பெரும்பாலும் சுவரில் மூன்று விலைகள் எழுதப்பட்டிருக்கும்: மினரல், செமி சிந்தடிக், ஃபுல்லி சிந்தடிக். முதன்முறையாகப் பழைய கார் வாங்கியவர்கள் அந்தப் பலகையின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு, நடுவில் இருப்பதையே சொல்லிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மலிவானதைச் சொல்ல மனம் வருவதில்லை. விலை கூடியதைச் சொன்னால் வீண் செலவோ என்ற ஐயம் எழுகிறது. என் தம்பி எட்டு ஆண்டு ஓடிய ஜப்பானிய கார் ஒன்றை வாங்கியபோது நானும் அவனுடன் போயிருந்தேன். எது நல்ல ஆயில் என்று அவன் கேட்டதற்கு, அந்த மெக்கானிக், "மேனுவல் இருக்கா தம்பி? மொதல்ல அத எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். விலைப் பலகையைக் காட்டுவதற்கு முன்பே அவர் கையேட்டைக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மினரலா சிந்தடிக்கா என்பது உண்மையில் மூன்றாவது கேள்விதான். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: உற்பத்தியாளர் எந்தத் தடிமனும் எந்தத் தரமும் கொண்ட ஆயிலைக் கேட்கிறார், முந்தைய உரிமையாளர் இந்த எஞ்சினை எப்படி வைத்திருந்தார் என்பவை. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் மூன்றாவது கேள்வி பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

எஞ்சின் ஆயில் என்பது ஒரே பொருளன்று. அதில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதி, அதனுடன் கலக்கப்படும் வேதிச் சேர்க்கைகள். கரியையும் அழுக்கையும் படியவிடாமல் எண்ணெயிலேயே மிதக்கவைப்பவை, உலோகப் பரப்பின்மீது மெல்லிய காப்புப் படலம் அமைப்பவை, நுரை எழாமல் தடுப்பவை, வெப்பத்தில் எண்ணெய் நீர்த்துப்போகாமல் பார்த்துக்கொள்பவை என்று இந்தச் சேர்க்கைகள் பலவகைப்படும். மினரல், சிந்தடிக் என்ற பெயர்கள் இவற்றில் அடிப்படை எண்ணெயை மட்டுமே குறிக்கின்றன. தரமான சேர்க்கைகள் கொண்ட மினரல் ஆயிலும் உண்டு. பெயருக்குச் சிந்தடிக்காக இருந்து, உங்கள் எஞ்சின் கேட்கும் தரச்சான்று இல்லாத ஆயிலும் உண்டு.

மினரல் அடிப்படை எண்ணெய் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. எத்தனை முறை புடைத்தாலும் அரிசியில் குறுநொய்யும் தூசியும் சிறிது தங்கிவிடுவதைப்போல, அதில் வெவ்வேறு வடிவமும் அளவும் கொண்ட மூலக்கூறுகள், கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் கந்தகம் எல்லாம் எஞ்சியிருக்கும். சிந்தடிக் எண்ணெயில் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும்படி வேதியியல் முறையில் ஆக்கப்படுகின்றன. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ, அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவுகளாக வகுத்திருக்கிறது. முதல் இரண்டும் நாம் மினரல் என்று சொல்பவை. நான்காவது, சிறிய மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து உருவாக்கப்படும் பிஏஓ எனப்படும் எண்ணெய். ஐந்தாவதில் எஸ்டர் போன்ற மற்றவை அடங்கும். மூன்றாம் பிரிவில்தான் ஒரு வழக்கே நடந்தது. அதுவும் கச்சா எண்ணெயிலிருந்தே வருகிறது. ஆனால் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஹைட்ரஜனைச் செலுத்தி அதன் மூலக்கூறுகள் மாற்றி அமைக்கப்படுகின்றன. இதைச் சிந்தடிக் என்று விளம்பரப்படுத்தலாமா என்று மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்காவில் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிட்டது. அழைக்கலாம் என்று 1999ஆம் ஆண்டு முடிவு வந்தது. இன்று கடைகளில் ஃபுல்லி சிந்தடிக் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பங்கு இந்த மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. இதனால் நாம் ஏமாற்றப்படுகிறோம் என்று எண்ண வேண்டியதில்லை. மூன்றாம் பிரிவு எண்ணெய் மினரலைவிடத் தெளிவாகவே மேலானது. ஆனால் புட்டியின் முகப்பில் உள்ள சிந்தடிக் என்ற சொல், அதற்குள் என்ன இருக்கிறது என்பதை முழுமையாகச் சொல்லிவிடாது. செமி சிந்தடிக் என்ற பெயர் இன்னும் தளர்வானது; இரண்டும் கலந்தது என்பதைத் தவிர, எந்த விகிதத்தில் கலந்தது என்பதற்குப் பொதுவான கட்டாயம் எதுவும் இல்லை.

புட்டியில் நாம் முதலில் பார்க்க வேண்டியது 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20, 15டபிள்யூ-40 என்பன போன்ற எண்களை. தடிமனைக் குறிக்கும் இந்த எண்களைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் சற்று நின்று பார்ப்போம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எஞ்சினைச் சுழற்ற அந்த எண்ணெய் எவ்வளவு இடம்கொடுக்கிறது என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ எண்ணெய்க்கு இந்தச் சோதனை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. பின்னுள்ள எண், எஞ்சின் முழுதாகச் சூடேறி 100 டிகிரியை எட்டியபின் எண்ணெய் எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது.

சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லையே, அந்த முதல் எண்ணால் நமக்கு என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. நம் ஊரில் விடியற்காலையிலும் 24, 25 டிகிரி இருக்கும். கனடாவில் ஒருவர் சிந்தடிக் ஆயில் ஊற்றுவதற்கான முதன்மைக் காரணம் இங்கே பொருந்தாது. ஆனால் எஞ்சினைப் பொறுத்தவரை 27 டிகிரியும் குளிர்தான். பொதுவான ஒரு 5டபிள்யூ-30 எண்ணெயை எடுத்துக்கொண்டால், 100 டிகிரியில் இருக்கும் தடிமனைப்போல ஏறத்தாழ ஆறு மடங்குத் தடிமன் 40 டிகிரியில் இருக்கும். இரவு முழுதும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி கார்நிறுத்துமிடத்தில் நின்ற எஞ்சினில் அது இன்னும் கூடும். காலையில் எஞ்சினை முடுக்கிய முதல் சில விநாடிகளில் எண்ணெய் மேலேறி எல்லா இடுக்குகளுக்கும் பாய்ந்தாக வேண்டும். அந்த நேரத்தில் 15டபிள்யூ-40 சற்றுத் தயங்கித்தான் நகரும்; 0டபிள்யூ, 5டபிள்யூ எண்ணெய்கள் விரைவாகப் போய்ச்சேரும். ஆகவே, வெப்பமான ஊர் என்பதால் தடித்த எண்ணெய்தான் நல்லது என்று பலரும் சொல்லும் அறிவுரையை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். எஞ்சினுக்குள் இருக்கும் வெப்பத்தைக் குளிர்விப்பு அமைப்பும் தெர்மோஸ்டாட்டும் முறைப்படுத்துகின்றன. நம் ஊர் வெயிலும் ஜப்பானின் கோடையும் அதற்குப் பெரிய வேறுபாடில்லை. எஞ்சினின் இடைவெளிகளும் எண்ணெய்ப் பம்பும் எந்தத் தடிமனுக்கு வடிவமைக்கப்பட்டனவோ அதுவே அதற்கு உகந்தது. கையேடு இரண்டு மூன்று தடிமன்களுக்கு இடம் தந்திருந்தால், அந்த எல்லைக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

சிந்தடிக்கின் உண்மையான வலிமை வெப்பத்தில் தெரிகிறது. வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கறுத்து, பிசுபிசுத்து, கடாயின் விளிம்பில் அரக்குப்போல் ஒட்டிக்கொள்வதை எல்லாரும் பார்த்திருப்போம். எஞ்சினிலும் அதேதான் நடக்கிறது. பிஸ்டன் வளையங்களின் அருகே வெப்பம் 200 டிகிரியையும் தாண்டும். அங்கே எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகிறது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இந்தச் சீர்கேட்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு. ஒரே சீரான மூலக்கூறுகள் கொண்ட எண்ணெய் இதை நெடுநேரம் தாங்குகிறது; ஆவியாகும் அளவும் குறைவு. மினரல் எண்ணெய் இன்னொரு வகையிலும் பின்தங்குகிறது. சூட்டில் நீர்த்துப்போகாமல் இருக்க அதற்கு நீண்ட பாலிமர் இழைகளை அதிகமாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எஞ்சினுக்குள் அரைபட்டு அரைபட்டு அந்த இழைகள் அறுந்துபோகும்போது, 40 என்று தொடங்கிய எண்ணெய் மெல்ல மெல்ல 30இன் தன்மைக்கு இறங்கிவிடுகிறது. நல்ல சிந்தடிக்குக்கு இத்தகைய முட்டு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. 2017இல் அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ வெளியிட்ட ஆய்வில், பல சோதனைகளின் சராசரியில் சிந்தடிக் எண்ணெய்கள் மினரல் எண்ணெய்களைவிட 47 விழுக்காடு சிறப்பாகச் செயல்பட்டதாகக் கண்டறிந்தார்கள். இது எண்ணெயின் தாங்குதிறனைப் பற்றிய கணக்கு. உங்கள் எஞ்சின் 47 விழுக்காடு நீண்ட காலம் உழைக்கும் என்று இதற்குப் பொருளில்லை.

சிந்தடிக்கால் இயலாததையும் சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஈரச்சந்தைக்குப் போய், பத்து நிமிடத்தில் வீடு திரும்பிவிடுகிறோம். இத்தகைய குறுகிய ஓட்டத்தில் எண்ணெய் முழுதாகச் சூடேறுவதே இல்லை. எரியும் பெட்ரோலிலிருந்து வரும் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் இறங்கி, வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடுகின்றன. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆயிலானாலும் இதைத் தடுக்காது. நேரத்துக்கு மாற்றுவது ஒன்றே வழி. ஹைபிரிட் கார்களிலும் எஞ்சின் அடிக்கடி நின்று நின்று இயங்குவதால் எண்ணெய் குளிர்ந்தே இருக்க வாய்ப்புண்டு. எதிர்த் திசையில், மலேசியாவுக்குச் செல்லும் உட்லண்ட்ஸ் பாலத்தில் இரண்டு மணிநேரம் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கிலோமீட்டர் எண் ஏறத்தாழ அசையாமல் இருக்க, எஞ்சின் மட்டும் முழு நேரமும் உழைத்துக்கொண்டிருக்கும். பல கையேடுகளில் கடுமையான பயன்பாட்டுக்கு என்று தனி அட்டவணை ஒன்று உண்டு. குறுகிய ஓட்டம், நெரிசல், நீண்ட நேரம் நின்றபடி இயங்குதல் ஆகியவை அதில் அடங்கும். சிங்கப்பூரில் கார் ஓட்டும் பலர் அந்த அட்டவணையைப் பின்பற்றுவதே பொருத்தம் என்பது என் கருத்து. ஒப்புநோக்க, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ தீபாவளி விடுமுறையில் பினாங்குக்கோ வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சீராகப் போகும் நீண்ட பயணம், எண்ணெயில் தங்கிய ஈரத்தைப் போக்கி எஞ்சினுக்கு நன்மையே செய்கிறது. புறப்படும் முன் எண்ணெய் அளவை மட்டும் பார்த்துவிட வேண்டும்.

இனி, பழைய காருக்கே உரிய இரண்டாவது கேள்விக்கு வருவோம். புதிய காரின் வரலாறு பூச்சியம். பழைய காரின் வரலாற்றை நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தம்பியின் காரில், கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்த சர்வீஸ் சீட்டு, ஆயில் மாற்றி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை என்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில், கார்நிறுத்துமிடத்தின் சரிவில்லாத தளம் ஒன்றில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து, எண்ணெய் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினோம். முதல்முறை வருவதை நம்பக்கூடாது. டிஷ்யூவால் துடைத்துவிட்டு மீண்டும் முழுதாகச் செருகி எடுக்க வேண்டும். கம்பியின் நுனியில் ஒரு சொட்டு மட்டும் ஒட்டியிருந்தது. கீழ்க்குறியையே எண்ணெய் எட்டவில்லை. பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் வேறுபாடு உண்டு என்பதை வைத்துப் பார்த்தால், ஒரு லிட்டருக்கும் மேல் குறைந்திருந்தது. பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தோம். உலோகம் தேன் நிறத்திலோ மெல்லிய பழுப்பிலோ தெரிந்தால் கவலையில்லை. எங்களுக்குத் தெரிந்தது, மூடியின் உட்புறத்தில் விரலால் வழித்தால் வரும் கருமையான பசை. ஸ்லட்ஜ் என்பது அதுதான்: மாற்றாமல் விட்ட எண்ணெய் கெட்டுப்போய்ப் படிந்த சேறு. மூடியில் வெண்மையான, மயோனைஸ் போன்ற படிவு இருந்தால் அது ஈரத்தின் அடையாளம். குறுகிய ஓட்டத்தாலும் வரும். குளிர்விப்பு நீரும் சேர்ந்து குறைந்துகொண்டே வந்தால், எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பழுதாகவும் இருக்கலாம் என்பதால் உடனே காட்ட வேண்டும்.

இப்படிச் சேறு படிந்த எஞ்சினுக்கு, விலை உயர்ந்த சிந்தடிக்கை ஊற்றி 10,000 கிலோமீட்டர் விட்டுவிடுவது மிகத் தவறான முடிவு. கரைப்பான் ஊற்றி ஒரே நாளில் கழுவித்தருகிறோம் என்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயர்ந்து வரும் கட்டிகள் அடியில் உள்ள வடிகட்டு வலையை அடைத்துவிட்டால் எண்ணெய் மேலே ஏறாது, எஞ்சினே போய்விடும். மெக்கானிக் சொன்ன வழி பொறுமையானது: கையேட்டின் தடிமனுக்கும் தரத்துக்கும் பொருந்தும் நடுத்தர விலை ஆயிலை ஊற்றி 3,000 கிலோமீட்டரில் மாற்றுவது, அடுத்ததை 5,000இல் மாற்றுவது, ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் புதிதாகப் போடுவது. ஆயிலில் உள்ள சேர்க்கைகளே அழுக்கை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவரும். மூன்றாவது முறை மூடியைத் திறந்தபோது பசை பாதிக்குமேல் போயிருந்தது. அதன்பிறகே அவன் நல்ல சிந்தடிக்குக்கு மாறினான்.

பழைய எஞ்சினில் சிந்தடிக் ஊற்றினால் ஒழுகும் என்ற அச்சத்துக்குப் பின்னால் ஒரு பழைய உண்மை இருக்கிறது. தொடக்க காலச் சிந்தடிக்குகளில் பிஏஓ மட்டும் மிகுந்திருந்ததால் ரப்பர் சீல்கள் சற்றுச் சுருங்கின. இப்போதைய ஆயில்களில் அது சமன்செய்யப்பட்டுவிட்டது. ஏற்கெனவே காய்ந்து வெடித்த சீலின் விரிசலைச் சேறு அடைத்துக்கொண்டிருந்தால், சேறு கரையும்போது ஒழுகல் வெளியே தெரியலாம். சீலைப் பழுதாக்கியது ஆயில் அன்று. ஒருமுறை சிந்தடிக் போட்டால் மினரலுக்குத் திரும்ப முடியாது என்பதும், இரண்டையும் கலந்தால் எஞ்சின் கெட்டுவிடும் என்பதும் உண்மையல்ல. செமி சிந்தடிக் என்பதே ஒரு கலவைதான். நெடுஞ்சாலையில் ஆயில் குறைந்துவிட்டால் அருகிலுள்ள நிலையத்தில் கிடைக்கும் பொருத்தமான தடிமனை ஊற்றுவது, குறைந்த எண்ணெயோடு ஓட்டுவதைவிடப் பல மடங்கு நல்லது. ஆயில் விரைவில் கறுத்துவிட்டதே என்று வருந்தவும் வேண்டாம். அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்வது அதன் வேலை.

சரி, மினரல் எப்போது போதும்? டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத, எளிய கட்டமைப்புள்ள பழைய எஞ்சின். கையேடு 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40 போன்றவற்றுக்கு இடம்தருகிறது. உரிமையாளர் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறார் என்றால் மினரல் அந்த எஞ்சினைக் குறையின்றிக் காக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று எண்ணெயை எரித்துத் தள்ளும் எஞ்சினுக்கும், பழுது பார்க்கும் வரை, விலையுயர்ந்த ஆயில் வீண்.

டர்போ இருந்தால் நிலைமை வேறு. அதன் சுழலி நிமிடத்துக்கு 100,000 முறைக்கும் மேல் சுற்றக்கூடியது. எஞ்சினை அணைத்ததும் அந்தக் கொதிக்கும் தாங்கியில் தேங்கிய எண்ணெய் கரியாகிவிடும் ஆபத்து உண்டு. அங்கே சிந்தடிக்கைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே வெடிக்கும் சிக்கலும் இருப்பதால், புட்டியின் வட்ட முத்திரையில் ஏபிஐ எஸ்பி என்ற 2020ஆம் ஆண்டுத் தரமோ அதற்குப் பிந்தியதோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐரோப்பிய கார்களுக்கு அதுவும் போதாது, மெர்சிடிஸ் 229.5, ஃபோக்ஸ்வேகன் 504 00 என்பதுபோல் கையேடு கேட்கும் ஒப்புதல் எண் புட்டியின் பின்புறத்தில் அப்படியே இருக்க வேண்டும். கையேடு 0டபிள்யூ-20 கேட்டால் பேச்சே இல்லை. அந்தத் தடிமனை மினரல் எண்ணெயிலிருந்து செய்ய இயலாது என்பதால் சிந்தடிக்தான்.

செலவுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். மினரல் சர்வீஸ் 70 வெள்ளி, சிந்தடிக் 130 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 5,000க்கு ஒருமுறை நான்கு மினரல் சர்வீஸ் 280 வெள்ளி. 10,000க்கு ஒருமுறை இரண்டு சிந்தடிக் சர்வீஸ் 260 வெள்ளி. வேறுபாடு சிறிதே, பட்டறையில் காத்திருக்கும் இரண்டு அரைநாள்கள் மிச்சம். ஆனால் ஆண்டுக்கு 7,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் எந்த ஆயிலை ஊற்றினாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது, குறுகிய ஓட்டமே என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், கையேடு அனுமதிக்கும் பட்சத்தில் செமி சிந்தடிக்கே போதுமானது. சிஓஇ (காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிய இரண்டு ஆண்டுதான் இருக்கிறது, இதற்கு எதற்குச் செலவு என்று கேட்பவர்களும் உண்டு. மிக உயர்ந்த ரக ஆயில் அப்போது தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயில் மாற்றுவதையே நிறுத்துவதை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த இரண்டு ஆண்டில் எஞ்சின் போனால், பழுதுச் செலவு தலையில் விழும். சிஓஇயைப் புதுப்பித்து இன்னும் ஐந்தோ பத்தோ ஆண்டு ஓட்டலாம் என்று நினைப்பவருக்கு, இன்றைய ஆயில்தான் அந்தத் தெரிவைத் திறந்து வைத்திருக்கிறது.

தம்பியின் கார் கையேட்டின் உள்ளட்டையில் இப்போது ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், புட்டியில் இருந்த தடிமன் எண், தரமுத்திரை ஆகிய நான்கையும் அவனே பேனாவால் எழுதிவைக்கிறான். மாதம் ஒரு ஞாயிறு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, எண்ணெய் எந்தக் குறியில் நிற்கிறது என்பதை அதன் அருகிலேயே குறித்துக்கொள்கிறான்.